லைட் எரியுது, லைன் இல்லை

நாமக்கல்லில் ஒரு சாமான் ஓடவில்லை என்றால் ஊரே வைத்தியர். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள், போர்வெல் ரிக் வண்டிகள், கோழிப்பண்ணை மோட்டார்கள் என்று இவற்றுக்கு நடுவிலேயே வளர்ந்தவர்களுக்கு, நின்றுபோன எதைக் கண்டாலும் கை சும்மா இருக்காது. விசாரிக்க வந்தவர்கூடச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டுதான் காபி கேட்பார். இந்தக் குணத்தால் பிழைத்த எஞ்சின்கள் ஏராளம். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குக்குத்தான் இது கொஞ்சம் ஆபத்து.

எங்கள் வீட்டு டிஸ்க்கில் இருந்தது கொழுந்தியாளின் கல்யாண வீடியோ. கேசட், சிடி காலமெல்லாம் போய்விட்டது. இப்போது ஸ்டுடியோக்காரர், "டிஸ்க் ஒண்ணு வாங்கிக் குடுத்துருங்க சார், ஏத்திக் குடுத்தர்றேன்" என்கிறார். திருச்செங்கோட்டு மண்டபத்தில் நடந்தது அத்தனையும் அப்படித்தான் அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் ஏறியிருந்தது. முதல் கல்யாண நாளுக்கு எல்லோரும் கூடி உட்கார்ந்திருக்க, டிஸ்க்கைச் செருகினால் குட்டி நீல விளக்கு எரிகிறது. கம்ப்யூட்டரோ சம்பந்தி சண்டையில் முகத்தைத் திருப்பிக்கொண்டவர் போலக் கண்டுகொள்ளவே இல்லை.

"ஏனுங்க, நீங்கதான் எதையோ அமுக்கிப்போட்டீங்க" என்றாள் மனைவி. புலன் விசாரணை எங்கள் வீட்டில் தீர்ப்பிலிருந்துதான் தொடங்கும்.

பக்கத்து வீட்டு எஞ்சினியரிங் மாணவன் ரீஸ்டார்ட் பண்ணச் சொன்னான். நான்கு வருடப் படிப்பில் அவன் தெரிந்துகொண்டது அதுதான் போலிருக்கிறது. பெரும்பாலும் அது பலிக்கவும் செய்கிறது என்பதால் கல்லூரியைக் குறை சொல்ல முடியாது. சித்தப்பா, ஃப்ரீசரில் ஒரு ராத்திரி வைத்தால் சரியாகிவிடும் என்று யாரோ சொன்னதாகச் சொன்னார். டிஸ்க்குக்குள் நிமிடத்துக்கு 5,400 முறை தட்டு சுழல்கிறது. அதைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் படிக்கும் முனை மிதக்கிறது. தலைமுடியின் தடிமனே அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பெரிது. ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் உள்ளே ஈரம் பூத்தால், அந்த இடைவெளியில் என்ன நடக்கும்? மீனை வைக்கிற இடத்தில் மீனே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

போனில் கேட்ட கடைக்காரர் ஒருவர் இன்னும் தாராளமானவர். "ஃபார்மட் அடிச்சுரலாம் சார், டிஸ்க் புதுசாட்டம் ஆயிரும்." டிஸ்க் புதுசாகும், சந்தேகமில்லை. கல்யாணத்தைத்தான் இன்னொரு தடவை நடத்த வேண்டியிருக்கும். மாப்பிள்ளை வீட்டார் சம்மதிப்பார்களா என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

இவ்வளவு நேரமும் பேசாமல் இருந்தவர் மாமனார். லாரிகளுக்கு ஒயரிங் பார்த்தே காலம் கழித்தவர். டிஸ்க்கைக் கையில் வாங்கி, காதருகே வைத்துக் கேட்டு, ஒயரின் நுனியைத் திருப்பிப் பார்த்தார்.

"லைட் எரியுது, லைன் இல்லீங்க மாப்ள. எஞ்சின எறக்கறதுக்கு முன்னால ஒயரப் பாருங்க."

கம்ப்யூட்டர் என்றால் தொடவே மாட்டார் அவர். ஆனால் இந்த விஷயத்தில் நான் படித்ததையெல்லாம் அந்த ஒரு வரியில் சொல்லிவிட்டார். சாதாரண யூஎஸ்பி ஒயருக்குள் நான்கு கம்பிகள்: இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. போன் சார்ஜ் செய்ய மட்டும் வரும் மலிவான ஒயர்கள் சிலவற்றில் தகவல் கம்பி இரண்டும் இருக்காது. விளக்கு எரியும், தட்டு சுழலும், பேச்சு மட்டும் போகாது. டிஸ்க்கின் வாய் அகலமானது, இரண்டு பகுதி கொண்டது. அதன் பெரிய பகுதியில் பழைய போன் ஒயரின் முனை கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும். மச்சினன் மகன் அசல் ஒயரைச் சென்னைக்குக் கொண்டுபோய்விட்டு, அட்டைப்பெட்டியில் ஒரு சார்ஜர் ஒயரைச் சுருட்டி வைத்திருந்தான். விசாரணையின் தீர்ப்பு மட்டும் மாறவில்லை. அசல் ஒயரை எடுக்கவிட்டதும் நான்தானாம்.

அகல வாய் ஒயர் நாமக்கல்லில் நான் கேட்ட கடைகளில் இல்லை. 50 கிலோமீட்டர் போய்ச் சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் வாங்கினேன். அவ்வளவு தூரம் போய்த் தட்டுவடை செட் சாப்பிடாமல் திரும்புகிறவன் சேலத்துக்கே போகக் கூடாது.

புது ஒயரைப் போட்டதும் டிஸ்க் 'டிக்' என்று எழும்பி, அடங்கி, மறுபடி எழும்பியது. இது பசி. யூஎஸ்பி 2.0 துளை தருவதாக ஒப்புக்கொண்ட மின்சாரம் 500 மில்லிஆம்பியர், 3.0 என்றால் 900. தட்டு சுழலத் தொடங்கும் கணத்தில்தான் டிஸ்க் அதிகம் கேட்கும். கம்ப்யூட்டரின் முன்பக்கத் துளைகள் மதர்போர்டிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்தவை, சிலசமயம் அங்கே மின்சாரம் தள்ளாடும். பின்பக்கத்தில் நேராகச் செருகினேன். முதல் தடவை நுழையவில்லை, திருப்பினேன், நுழையவில்லை, மறுபடி திருப்பினேன், நுழைந்தது. யூஎஸ்பியை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் பரோடாவில் படித்த அஜய் பட். இரண்டு பக்கமும் செருகும்படி செய்தால் செலவு கூடும் என்று விட்டுவிட்டார்களாம். அந்தச் செலவை இன்றுவரை நம் மணிக்கட்டு கட்டிக்கொண்டிருக்கிறது.

'டொய்ங்' என்று சத்தம் வந்தது. படம் மட்டும் வரவில்லை.

இங்கேதான் பலர் பொறுமை இழந்து ஃபார்மட்டை அமுக்குகிறார்கள். ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்தால் டிஸ்க் மேனேஜ்மென்ட் என்று ஓர் இடம் இருக்கிறது. போய்ப் பார்த்தால் எங்கள் டிஸ்க் அங்கே சௌக்கியமாகப் படுத்திருந்தது. பங்கம் ஒன்றுமில்லை, பெயருக்கு ஓர் எழுத்துதான் இல்லை. விண்டோஸில் சி, டி, இ என்று ஓர் எழுத்து வாய்த்தால்தான் டிரைவுக்கு முகவரி.

டிஸ்க்குக்கும் எழுத்துக்கும் உள்ள உறவு பழையது. 1956-இல் ஐபிஎம் வெளியிட்ட ராமாக் கணினியில்தான் முதல் ஹார்ட் டிஸ்க் வந்தது. 24 அங்குலத் தட்டுகள் 50, எடை ஒரு டன்னுக்கு மேல், கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இன்றைய கணக்கில் ஒரு சினிமாப் பாட்டுக்குத்தான் காணும். நாமக்கல்லில் வந்து இறங்கியிருந்தால் ஏற்றிப்போக லாரிக்காவது பஞ்சமிருந்திருக்காது. அதே 1956-இல்தான் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' வந்தது. குகை நிறையப் புதையல் இருந்தும், திறக்கும் சொல்லை மறந்ததால் காசிம் மாட்டிக்கொண்ட கதை. அவன் உள்ளே மாட்டினான், நாங்கள் வெளியே. நான் 'கே' என்று ஓர் எழுத்தைக் கொடுத்தேன், கதவு திறந்தது.

எல்லா டிஸ்க்கும் இப்படி மசியாது. டிஸ்க் மேனேஜ்மென்ட் ஜன்னலில் 'ரா' (RAW) என்று காட்டினாலோ, 'இனிஷியலைஸ்' செய்யட்டுமா என்று பணிவாகக் கேட்டாலோ, எதையும் அமுக்காதீர்கள். நல்ல ஒயர், பின்பக்கத் துளை எல்லாம் கொடுத்த பிறகும் சீராக 'டிக், டிக்' என்று அடித்தால் கழற்றி வைத்துவிடுங்கள். ஒவ்வொரு முயற்சியும் உள்ளிருப்பதைச் சுரண்டக்கூடும். தூசி புகாத அறையில் திறந்து பார்க்கிறவர்களிடம்தான் அது போக வேண்டும். பட்டறைக்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவரிடம் ஸ்குரூ டிரைவரைக் கொடுக்காதீர்கள்.

வீடியோ ஓடியது. டிரோன் ஷாட்டே வெகுநேரம் மலையைச் சுற்றிக்கொண்டிருந்தது. முகூர்த்தம் வருவதற்குள் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். கடைசிவரை பார்த்தவர் மாமனார் மட்டும்தான். மண்டபத்துக்கு வெளியே நின்ற ஒரு லாரியைக் காட்டி, "நிறுத்துங்க மாப்ள, அந்த வண்டிக்கு ஒயரிங் நம்ம போட்டது" என்றார்.

இப்போது அந்த வீடியோ இரண்டு டிஸ்க்கில் இருக்கிறது, ஒன்று எங்களிடம், ஒன்று ராசிபுரத்தில் கொழுந்தியாள் வீட்டில். பிரதி வேண்டுமானால் தாராளமாக வாருங்கள், ஏத்திக் கொடுக்கிறேன். ஒயரை நீங்களே கொண்டு வந்துவிடுங்கள்.