'நேற்று' வந்தால் 'ஹேவ்' வராது

கே: 'ஐ சா', 'ஐ ஹேவ் சீன்' – இரண்டுமே பார்த்த கதைதானே? எங்கே எதைப் போடுவது?

ப: நேரத்தைப் பாருங்கள். 'நேற்று', 'போன வாரம்' என்று முடிந்துபோன காலம் வாக்கியத்தில் உட்கார்ந்திருந்தால் 'சா'தான். 'ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே' நம் ஊரில் தாராளமாகப் புழங்கும். இலக்கணப் புத்தகம் ஒப்புக்கொள்ளாது.

எப்போது நடந்தது என்பதைவிட, நடந்ததன் பலன் இன்றும் கையில் இருப்பதே முக்கியம் என்றால் 'ஹேவ்', 'ஹேஸ்'. ஏ.ஆர். ரஹ்மான் 'ஹேஸ் வொன் டூ ஆஸ்கர்ஸ்'. '2009இல்' என்று சேர்த்தீர்களோ, வெறும் 'வொன்'. 'ஐ லிவ்ட் இன் மதுரை ஃபார் டென் இயர்ஸ்' என்றால் வீட்டைக் காலி செய்தாயிற்று. 'ஹேவ் லிவ்ட்' என்றால் வாடகை இன்னும் ஓடுகிறது. ஷேக்ஸ்பியர் 'ரோட்' ஹாம்லெட். 'ஹேஸ் ரிட்டன்' என்றால், 1616இல் இறந்தவர் நேற்றுதான் அச்சுக்கு அனுப்பியதுபோல் ஆகிவிடும்!

இதிலும் ஊருக்கு ஒரு வழக்கம். பிரிட்டிஷ்காரர் 'ஹேவ் யூ ஈட்டன் யெட்?' என்பார், அமெரிக்கர் 'டிட் யூ ஈட் யெட்?' என்றும் கேட்பார். எப்படிக் கேட்டாலும் 'நோ' சொல்லுங்கள், சாப்பாடு நிச்சயம்.