பதினாறும் பெற்ற தீவு

கல்யாண வீட்டில் அட்சதை தூவும் பெரியவர்கள் "பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க" என்பார்கள். அந்தப் பதினாறு என்னென்ன என்று கேட்டுவிடாதீர்கள். கல்வி, புகழ், வெற்றி என்று நாலைந்தோடு நிறுத்திவிட்டு, பந்திக்கு நேரமாகிறது என்று நழுவிவிடுவார்கள். 2017 அக்டோபர் 3ஆம் தேதி போர்ட்டோ ரிக்கோவில் வந்திறங்கிய அமெரிக்க அதிபர் டொனால்ட் டிரம்புக்கு அந்தச் சங்கடம் இல்லை. அவருக்குப் பதினாறு என்றால் பிணம். மரியா புயலில் செத்தது பதினாறே பேர், கத்ரீனா புயல் போன்ற நிஜமான பேரழிவில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள், ஆகவே நீங்கள் பெருமைப்படலாம் என்று உள்ளூர் அதிகாரிகளை உட்காரவைத்து வாழ்த்தினார். உங்களால் எங்கள் பட்ஜெட் கொஞ்சம் தடுமாறிப்போயிற்று என்று செல்லமாகக் கோபித்தும் கொண்டார். புயல் கரை ஏறியது செப்டம்பர் 20. செத்தவர்களின் பதினாறாம் நாள் காரியத்துக்குக்கூட இன்னும் இரண்டு நாள் பாக்கி.

பிறகு ஒரு தேவாலயத்தில் நிவாரணம் வழங்கினார். துடைக்கிற காகிதச் சுருளை எடுத்து, கூடைப்பந்து போடுகிறவர் மாதிரி குறிபார்த்துக் கூட்டத்துக்குள் வீசினார். கோவில் யானைக்கு வாழைப்பழம் கொடுப்பவன்கூட கையை நீட்டித்தான் கொடுப்பான். 34 லட்சம் பேர் வாழ்ந்த தீவு, பெரும்பாலான வீடுகளில் கரண்ட் இல்லை, பல வீட்டுக் குழாயில் தண்ணீர் இல்லை. துடைத்துக்கொள்ளக் காகிதம் வந்தது. அவர் கிளம்பிய அன்று இரவே பதினாறு முப்பத்து நாலானது.

புயலைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தக் கதையில் ஒழுங்காக வேலை பார்த்தது அது ஒன்றுதான். ஹரிகேன் என்ற சொல்லே கரீபியன் தீவுகளின் சொத்து. டைனோ பூர்வகுடிகள் 'ஹுரகான்' என்றார்கள். ஸ்பானியர்கள் வந்து சொல்லை வைத்துக்கொண்டு, சொன்னவர்களை ஒழித்துக்கட்டினார்கள். 1898இல் அமெரிக்கா வந்து மிச்சத்தை எடுத்துக்கொண்டது.

செப்டம்பர் 12ஆம் தேதி ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து ஒரு காற்றலை அட்லாண்டிக்கில் இறங்கியது. வருஷத்துக்கு அறுபது இப்படி இறங்கும். பெரும்பாலானவை வழியிலேயே நீர்த்துப்போகும். புயலாக வேண்டுமென்றால் கடல் குறைந்தது 26.5 டிகிரி செல்சியஸ் சுட வேண்டும், அதுவும் மேலாப்பில் மட்டும் போதாது, பல மீட்டர் ஆழத்துக்கு. சுடுகிற கடலிலிருந்து ஈரக்காற்று மேலே ஏறும். மேலே குளிர்ந்து மேகமாகும்போது, கடலிடம் கடனாக வாங்கிய வெப்பத்தை ஒரு காசு பாக்கியில்லாமல் காற்றுக்குத் திருப்பித் தரும். சூடான காற்று இன்னும் வேகமாக ஏறும். கீழே அழுத்தம் குறையும். குறைந்த இடத்தை நிரப்ப நாலா பக்கமிருந்தும் காற்று ஓடிவரும். ஓடிவருகிற காற்றைப் பூமியின் சுழற்சி வளைத்துவிட, மொத்தமும் ராட்டினமாகும். உயரத்தில் ஒரு திசை, கீழே ஒரு திசை என்று காற்று இழுத்தால் ராட்டினம் சாய்ந்துவிடும். மரியாவுக்கு அப்படி இடைஞ்சல் செய்ய யாரும் இல்லை. 16ஆம் தேதி பெயர் வைத்தார்கள். முதல் வகையிலிருந்து உச்சமான ஐந்தாம் வகைக்கு ஒரே நாளுக்குள் வளர்ந்தது. டெண்டர் இல்லை, கமிட்டி இல்லை, கோப்பு மேசை மேசையாக நகரவில்லை.

18ஆம் தேதி இரவு டொமினிக்காவில் ஏறியது. அந்த நாட்டுப் பிரதமர் ரூஸ்வெல்ட் ஸ்கெரிட் தன் வீட்டுக் கூரை பறந்துவிட்டதைத் தானே பேஸ்புக்கில் எழுதினார். பிரதமர் வீட்டுக்கும் குடிசைக்கும் காற்று பேதம் பார்க்கவில்லை. அந்தச் சமத்துவத்தை மட்டும் யாரும் எந்த அரசியல் சாசனத்திலும் எழுதிவைக்கவில்லை. இருபதாம் தேதி காலை யாபுகோவா பக்கம் மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் போர்ட்டோ ரிக்கோவுக்குள் நுழைந்தது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் சுவரில் விழுகிற அடி நாலு மடங்காகும். புயலை அளக்க காயே மலையில் வைத்திருந்த ரேடாரையே அது பிய்த்துப் போட்டது. சில இடங்களில் 900 மில்லிமீட்டருக்கும் மேல் மழை. பச்சைத் தீவு, இலை முழுக்க உதிர்ந்து, செயற்கைக்கோள் படத்தில் பழுப்பாகத் தெரிந்தது.

இவ்வளவையும் எண்ணினார்கள். காற்று, மழை, அழுத்தம், சேதம் 9,000 கோடி டாலர் என்பதுவரை கணக்கு சுத்தம். பிணத்தில்தான் கை நடுங்கியது.

காரணம் எளிது. சாவு இருவகை. ஒன்று புயல் சாவு: ஓடு பறந்து வந்து தலையில் விழ வேண்டும், அல்லது வெள்ளம் இழுத்துப் போக வேண்டும். உடலைத் தலைநகர் சான் ஹுவானிலுள்ள தடயவியல் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும், இல்லையென்றால் அங்கிருந்து ஆள் வந்து பார்த்து உறுதி செய்ய வேண்டும். ரோடு இல்லை, போன் இல்லை, பெட்ரோலுக்கு நாள் கணக்கில் வரிசை. பிணம் மட்டும் நேரத்தோடு தலைநகர் போய்ச் சேர வேண்டும். மற்றது இயற்கைச் சாவு. மலையோரத்தில் ஒரு கிழவர். மூச்சுக்கு மின்சாரத்தில் ஓடும் ஆக்சிஜன் இயந்திரம். கரண்ட் போனது, ஜெனரேட்டர் ஓடும்வரை ஓடியது, டீசல் தீர்ந்தது. பக்கத்து வீட்டில் ஒரு அம்மா. இன்சுலினைக் குளிர்ச்சியாக வைக்கப் பனிக்கட்டி தேடி வரிசையில் நிற்கிறாள், முறை வருவதற்குள் ஐஸ் தீர்கிறது. வியெக்கெஸ் குட்டித் தீவில் ஆஸ்பத்திரியைப் புயல் கெடுத்தது. சிறுநீரகம் பழுதானவர்கள் ரத்தம் சுத்திகரிக்க விமானம் ஏறிப் பெரிய தீவுக்குப் போய்வந்தார்கள். இவர்களில் யார் செத்தாலும் சான்றிதழில் 'மாரடைப்பு', 'சர்க்கரை நோய்', 'சிறுநீரகக் கோளாறு'. இயற்கைதான். கரண்ட் மட்டும் செயற்கை.

ஹார்வர்ட் ஆய்வாளர்கள் பிறகு வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். அந்த ஆண்டுக் கடைசிவரை எடுத்த கணக்கில், சராசரியாக ஒரு வீடு 84 நாள் மின்சாரம் இல்லாமலும் 68 நாள் தண்ணீர் இல்லாமலும் இருந்திருக்கிறது. சாவில் மூன்றில் ஒரு பங்கு, சிகிச்சை தாமதமானதால் அல்லது நின்றுபோனதால். தீவு முழுக்க விளக்கு எரியப் பதினோரு மாதம் ஆனது.

ஏன் ஆகாது? மின்வாரியம் புயலுக்கு முன்பே 900 கோடி டாலர் கடனில் திவால் மனு போட்டிருந்தது. அந்த வாரியம் தீவின் கம்பங்களை நிமிர்த்த யாரைக் கூப்பிட்டது தெரியுமா? மொன்டானா மாநிலத்தில் ஒயிட்பிஷ் என்ற சின்ன ஊரில் இருந்த ஒரு நிறுவனத்தை. புயலடித்தபோது அதில் முழுநேர ஊழியர்கள் இரண்டே பேர். ஒப்பந்தம் 30 கோடி டாலர். அன்றைய அமெரிக்க உள்துறைச் செயலாளர் ரயன் சிங்கியின் சொந்த ஊரும் அதுதான். தற்செயல் என்றார்கள், நம்புவோம். ஒரு ஒயர்மேனுக்கு நிறுவனம் போட்ட பில் மணிக்கு 319 டாலர். இதில் எனக்குப் பிடித்தது ஒரு ஷரத்து: செலவையும் லாபத்தையும் அரசாங்கம் தணிக்கை செய்யக் கூடாது. எரிகிற வீட்டில் பிடுங்குகிறவன்கூட, பிடுங்கியதை யாரும் எண்ணக் கூடாது என்று பத்திரம் எழுதி வாங்குவதில்லை. ஊரே சிரித்த பிறகு ஒப்பந்தம் ரத்தானது.

சாப்பாட்டுக்கும் ஓர் ஒப்பந்தம். மூன்று கோடிப் பொட்டலம், 15.6 கோடி டாலர். எடுத்தது ஒரே ஒருவர் நடத்திய நிறுவனம். ஒரு கோடியே 85 லட்சம் பொட்டலம் போயிருக்க வேண்டிய நாளில் போயிருந்தது ஐம்பதாயிரம். தானே சூடாகும் சாப்பாடு என்று கேட்டிருந்தார்கள். சாப்பாடு தனியாக வந்தது, சூடாக்கும் பை தனியாக வந்தது. கரண்ட் இல்லாத ஊருக்கு.

பெருநிலத்து அமெரிக்கர்களுக்கு இதெல்லாம் தெரியவில்லை என்று குறை சொல்லக் கூடாது. 1917 முதல் போர்ட்டோ ரிக்கோக்காரர்கள் அமெரிக்கக் குடிமக்கள் என்பதே அந்த நேரத்தில் எடுத்த கருத்துக்கணிப்பில் பாதிப்பேருக்குத்தான் தெரிந்திருந்தது. தீவில் இருக்கும்வரை அதிபர் தேர்தலில் ஓட்டுக் கிடையாது. ஓட்டில்லாதவனை யாருக்கு ஞாபகம் இருக்கும்? கொஞ்ச நாளில் அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் சலைன் பைகளுக்குத் தட்டுப்பாடு வந்தது. நாட்டுக்கே சலைன் பை செய்து அனுப்பிய தொழிற்சாலைகள் போர்ட்டோ ரிக்கோவில் இருட்டில் கிடந்தன. அப்போதுதான், அட, அங்கே யாரோ இருக்கிறார்கள் என்று நினைவு வந்தது.

டிசம்பரில் சாவுக் கணக்கு 64இல் வந்து நின்றது. அதற்குமேல் நகர மறுத்தது. 2018 ஆகஸ்டில் அரசாங்கமே அமர்த்திய ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு, வழக்கமான சாவு எத்தனை, புயலுக்குப் பின் ஆறு மாதத்தில் கூடுதலாக எத்தனை என்று கழித்துப் பார்த்து 2,975 என்றது. தீவின் ஆளுநர் ரிக்கார்டோ ரொசெயோ ஒப்புக்கொண்டார். அதிபர் ஒப்புக்கொள்ளவில்லை. மூவாயிரம் பேர் சாகவே இல்லை, தனக்குக் கெட்ட பெயர் வரவேண்டும் என்று ஜனநாயகக் கட்சிக்காரர்கள் செய்த வேலை என்று ட்விட்டரில் எழுதினார். எதிர்க்கட்சிக்காகச் செத்தவர்கள் என்று ஒரு புது இனம். அடுத்த வருஷம் டோரியன் புயல் அலபாமாவையும் தாக்கும் என்று தவறாகச் சொல்லிவிட்டு, கறுப்பு மார்க்கரால் கோடு நீட்டிய வரைபடத்தை டிவியில் தூக்கிக் காட்டியவரும் இவரேதான். புயலையே பேனாவால் வளைப்பவருக்குப் பிணம் எம்மாத்திரம்?

ஆளுநர் யோக்கியம் என்றும் எண்ணிவிட வேண்டாம். 2019 ஜூலையில் அவரும் சகாக்களும் டெலிகிராமில் அரட்டையடித்த 889 பக்கம் வெளியே வந்தது. நம் காக்கைகளுக்கு இரை போட ஒன்றிரண்டு பிணம் இல்லையா என்று அதில் ஒரு பெரிய அதிகாரி நகைச்சுவை பண்ணியிருந்தார். சனம் தெருவுக்கு வந்தது, ஆளுநர் வீட்டுக்குப் போனார். 2020 ஜனவரியில் பூகம்பம் வந்து ஜனங்கள் வெட்டவெளியில் படுத்திருந்தபோது, போன்சே நகரத்துக் கிடங்கு ஒன்றைத் திறந்தார்கள். மரியாவுக்கு வந்த தண்ணீர் பாட்டில், குழந்தைகளுக்கான டயப்பர், படுக்கை எல்லாம் அடுக்கு கலையாமல் இருந்தன. நிவாரணப் பொருளுக்கு மட்டும் நல்ல கூரை.

பேரழிவு செய்த புயலின் பெயரை மறுபடி எந்தப் புயலுக்கும் வைப்பதில்லை என்று உலக வானிலை அமைப்புக்கு ஒரு வழக்கம். 2018இல் 'மரியா'வுக்கு மரியாதையோடு ஓய்வு கொடுத்து, அந்த இடத்தில் 'மார்கோ' என்று எழுதினார்கள். செத்தவர்களில் 64 பேர்தான் ஆள் ஆளாகப் பதிவானவர்கள். மீதி 2,911 பேர் கழித்தல் கணக்கில் வந்த விடை. இன்னார் இன்னார் என்று பட்டியல் கிடையாது.

அந்த விடை வருவதற்கு மூன்று மாதம் முன்பே, 2018 ஜூன் 1ஆம் தேதி, சான் ஹுவான் சட்டமன்ற வாசலில் யாரோ ஒரு ஜோடிச் செருப்பைக் கொண்டுவந்து வைத்தார்கள். அடுத்து இன்னொருவர். வேலைக்குப் போட்டுத் தேய்ந்த பூட்ஸ், கிழவிகளின் வீட்டுச் செருப்பு, உள்ளங்கையளவு குழந்தைச் செருப்பு. சிலதில் துண்டுச் சீட்டில் பெயர் எழுதி, காற்றில் பறக்காமல் உள்ளே செருகியிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் நூற்றுக்கணக்கில் சேர்ந்துவிட்டது. அரசாங்கப் பதிவேட்டில் அன்றைக்கும் 64.