தம்பிக்கு ஒரு டார்ச்

கேள்வி: தம்பி கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஊரில் விவசாயம் பார்க்கிறான். ராத்திரியில் மோட்டார் போடத் தனியாகப் போகிறான். நல்ல பவர்ஃபுல் டார்ச் பரிசளிக்க ஆசை. 10,000 லூமன் வாங்கலாமா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: பாசத்தில் சூரியனையே கையில் கொடுக்கப் பார்க்கிறீர்கள், சகோதரி! கைக்கடக்கமான டார்ச்சில் அந்த 10,000 கொஞ்ச நேரக் கூத்துதான். சூடேறியதும் தானே மங்கிவிடும். 500 முதல் 1,000 லூமன் தாராளம்.

பெட்டியில் ‘200 மீட்டர்’ என்று முறைப்படி அளந்து போட்டிருந்தால், அந்தத் தூரத்தில் விழுவது 0.25 லக்ஸ், ஏறக்குறைய பௌர்ணமி வெளிச்சம். ஆனால் வரப்பில் நடப்பவனுக்குத் தூரத்துத் தென்னையைவிட அடுத்த அடிதான் முக்கியம். கண்ணாடி விரியன் ராத்திரியில் நடமாடும். சருகோடு சருகாகச் சுருண்டு கிடக்கும். ஊசிபோல் குவிந்த ஒளி எதிரே ஒரு வட்டத்தை மட்டும் காட்டும். அரை முழம் தள்ளிக் கிடப்பது இருட்டிலேயே இருக்கும். ஒளி பரந்து விழும் டார்ச்சையே கேட்டு வாங்குங்கள்.

ஒரே பட்டன் போதும். ஐபிஎக்ஸ்7 தரம் இருந்தால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். செல்லைக் கழற்றாமலே சார்ஜ் ஆகவேண்டும். கழற்றிய லித்தியம் செல் சட்டைப்பையில் சாவிக்கொத்தோடு உரசினால் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம்.

கூடவே முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடியும் வாங்கிக் கொடுங்கள். டார்ச்சை முழுதாக சார்ஜ் போட்டே கையில் கொடுங்கள். அன்று ராத்திரியே அவன் வயலுக்குப் போவான்.