மலைப்பாதையும் ஆபீஸ்தான்! – பெரியப்பா பதில்கள்

சுற்றுலா நிறுவன ஊழியர், செங்கம் சாலை, திருவண்ணாமலை: ஆபீஸில் தொல்லை நடந்தால் புகார் கொடுக்கலாம் என்கிறார்கள், பெரியப்பா. எனக்கு ஆபீஸே கிடையாது. கந்தாசிரமப் பாதை, கிரிவலப் பாதை, ஜீப். நான் எங்கே போய்ச் சொல்வது?

நீ கால் வைத்த இடமெல்லாம் உன் ஆபீஸ்தான் அம்மா. 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் நான்கு சுவரும் மின்விசிறியும் கேட்கவில்லை. வேலை நிமித்தம் போகிற எந்த இடமும் பணியிடம். முதலாளி ஏற்பாடு செய்த வண்டியும் பணியிடம். ஜீப்பின் பின் சீட்டும் அதில் அடக்கம்.

ஜீப் உரிமையாளர், ரமண நகர்: எங்களிடம் மொத்தமே ஆறு பேர். கமிட்டி எல்லாம் பெரிய கம்பெனிக்குத்தானே?

பத்துப் பேர் இருந்தால் உள்ளகக் குழு கட்டாயம். தலைவர் பெண், பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியாள் ஒருவர். பத்துக்குக் கீழே என்றால் மாவட்டத்தின் உள்ளூர்க் குழு. முதலாளி மேலேயே புகார் என்றாலும் அங்கேதான். அதனால் பன்னிரண்டு பேரை வைத்துக்கொண்டு ஒன்பது என்று எழுதும் கெட்டிக்காரர்களுக்கு ஒரு தகவல்: உங்கள் ஆபீஸுக்குள் விசாரிக்க வேண்டியதை வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் வளாகம் வரை நீங்களே நடத்திக் கூட்டிப் போகிறீர்கள்.

வாசகர், பெரும்பாக்கம் சாலை: இந்த வாரம் கேள்வி கேட்டவர்கள் பெயரை ஏன் போடவில்லை?

புகார் கொடுத்தவர் யார், எதிராளி யார், சாட்சி யார் என்று வெளியிடக் கூடாது என்கிறது அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவு. டீக்கடை பெஞ்சுக்கும் அது பொருந்தும்.

ஓய்வுபெற்ற அதிகாரி, போளூர்: ஏ.சி. அறையில் உட்கார்ந்து எழுதிய சட்டம். காடு மேட்டுக்கு எப்படிப் பொருந்தும்?

நேர் எதிர், ஐயா. காடு மேட்டில்தான் இந்தச் சட்டம் பிறந்தது. பன்வாரி தேவி ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்துக்காரர், குயவர் குலத்துப் பெண். அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் கிராமப் பணியாளராக வேலை பார்த்தவர். 1992-இல் ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனார். அதுதான் அவர் வேலை. அதற்குப் பழிவாங்க, மேல்சாதி ஆண்கள் அவரைக் கூட்டு வன்முறைக்கு ஆளாக்கினார்கள். நடந்தது வயல்வெளியில்.

1995-இல் விசாரணை நீதிமன்றம் அவர்களை வன்புணர்வுக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. 1997 ஆகஸ்ட் 13 அன்று, பணியிடத் தொல்லையைத் தடுக்க நெறிமுறைகள் வகுத்த விசாகா தீர்ப்பு வந்தது. அந்த நெறிமுறைகள் சட்டமாக மேலும் பதினாறு ஆண்டுகள். இன்று கம்ப்யூட்டர் கம்பெனிப் பெண்ணுக்கும் சேர்த்துக் காவல் நிற்பது, வயல் வரப்பில் வேலை பார்த்த ஒரு பெண் கொடுத்த புகார். பன்வாரிக்கு மட்டும் நீதி இன்னும் பாக்கி.

பக்தர், ஆரணி: மலை, குகை, தியானம் எல்லாம் ஆண்களுக்கு ஏற்றது. பெண்களை ஏன் மலைக்கு வேலைக்கு அனுப்ப வேண்டும்?

ரமணரின் தாயார் அழகம்மாள் மகனோடு இந்த மலையில்தான் வாழ்ந்தார். 1922-இல் கந்தாசிரமத்தில் காலமானார். அடிவாரத்தில் அவருக்குச் சமாதி எழுந்தது. அந்தச் சமாதியைச் சுற்றித்தான் இன்றைய ரமணாசிரமமே வளர்ந்தது. பார்வதி தவமிருந்து இடப்பாகம் வாங்கியதும் இதே தலத்தில் என்கிறது புராணம். ஈசன் உடம்பில் பாதி கொடுத்த ஊரில், நீங்கள் பாதையில் பாதி கொடுக்க மாட்டீர்களா?

கைடு, அடி அண்ணாமலை: எவனோ ஒருவன் செய்ததற்கு எங்கள் எல்லோரையும் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். நியாயமா?

2025 மார்ச்சில், தியானத்துக்காக மலைக்குப் போன பிரான்ஸ் நாட்டுப் பெண்ணிடம் பாலியல் வன்முறை செய்ததாக, கூட்டிப்போன கைடு கைதானார். 2018-இல் ரஷ்யப் பெண் ஒருவர் இதே ஊர் விடுதியில் பாதிக்கப்பட்டார். வருகிற பெண் பயப்படுவது உன்னைப் பார்த்து இல்லை தம்பி, செய்தியைப் பார்த்து. அவள் பயத்தோடு நீ சண்டை போடாதே. அடையாள அட்டையைக் கழுத்தில் போடு. தனியாக வருபவரை, ஆள் நடமாட்டம் இல்லாத பக்கம் நீயாக அழைத்துப் போகாதே. எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவது என்று அவர் விடுதியில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பு. அனுமதி இல்லாமல் மலையேறக் கூடாது என்று வனத்துறை தடுத்திருக்கும்போது, ‘ரகசிய வழி காட்டுகிறேன்’ என்பவனை நான் முதலில் சந்தேகப்படுவேன்.

யோகா ஆசிரியர், ரமணாசிரமம் அருகில்: ஆசனத்தைத் திருத்தத் தொட வேண்டியிருக்கிறது. மலையேற்றப் பயிற்சியில் இடுப்புப் பட்டை இறுக்க வேண்டியிருக்கிறது. இதற்குமா புகார்?

தொடுவதற்கு முன்னால் ‘தொடலாமா?’ என்று கேட்க எவ்வளவு மூச்சு பிடிக்கும்? பிராணாயாமம் சொல்லித் தருகிறவருக்கு அந்த மூச்சு இருக்காதா? எங்கே, எதற்கு என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள். இடுப்புப் பட்டையை அவரே இறுக்கட்டும், நீங்கள் கண்ணால் சரி பாருங்கள். ‘வேண்டாம்’ என்றால் வாயால் சொல்லிக் கொடுங்கள். வாயால் சொல்லித்தர முடியாத ஆசனம் உங்களுக்கே சரியாகத் தெரியாத ஆசனம்.

மேலாளர், தங்கும் விடுதி: விளையாட்டுக்கு ஒரு ஜோக் சொன்னேன். அந்தப் பெண்ணும் சிரித்தாள். இப்போது புகார் கொடுத்திருக்கிறாள்!

சம்பளம் போடுகிறவர் சொன்னால் மொக்கை ஜோக்குக்கும் சிரிப்பு வரும். சட்டம் பார்ப்பது அவள் சிரித்தாளா என்பதை இல்லை, அவள் விரும்பினாளா என்பதை. ஆபாசப் பேச்சு சட்டத்தின் துன்புறுத்தல் பட்டியலிலேயே இருக்கிறது.

பெண் கைடு, திருவண்ணாமலை: தொல்லை கொடுத்தது எங்கள் ஆள் இல்லை, காசு கட்டி வந்த விருந்தாளி. முதலாளி ‘கஸ்டமர், கொஞ்சம் அனுசரித்துப் போ’ என்கிறார்.

அனுசரிக்க வேண்டியவர் முதலாளிதான், சட்டத்தை. வேலையிடத்துக்கு வந்து போகிற வெளியாளிடமிருந்தும் பாதுகாப்பது அவர் கடமை என்கிறது 19-ஆம் பிரிவு. நீ விரும்பினால் போலீஸ் நடவடிக்கைக்கு உதவுவதும் அவர் பொறுப்பு. அந்த ஆளை அடுத்த ஜீப்பில் பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பலாம். கட்டிய காசு நடைக்கு, கைடுக்கு இல்லை.

வாசகர், சென்னை: இதெல்லாம் நம் நாட்டில்தான். வெளிநாட்டில் வெளியிடச் சுற்றுலாவை எவ்வளவு ஒழுங்காக நடத்துகிறார்கள்!

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்கா. கொலராடோ ஆற்றில் நாள்கணக்கில் படகுப் பயணம், ஊழியர் முகாம், தப்பிப் போகச் சாலை கிடையாது. 2014-இல் 13 ஊழியர்கள், முன்னாள் ஊழியர்கள் சேர்ந்து வாஷிங்டனுக்குப் புகார் எழுதினார்கள். 2016 ஜனவரியில் விசாரணை அறிக்கை வந்தபோது, தொல்லையை அனுபவித்ததாகவோ கண்டதாகவோ சொன்னவர்கள் 35 பேர். இணங்காத பெண்களுக்குச் சாப்பாடு தராமலும், வேலை நடக்கும் இடத்துக்குப் படகில் ஏற்றாமலும் படகோட்டிகள் பழிவாங்கினார்கள் என்பது புகார்களில் ஒன்று.

இதில் நமக்குப் பாடம் உண்டு. வெளியிட வேலையில் சோறு, தண்ணீர், வண்டி, கயிறு, கூடாரம் எல்லாம் ஒருவன் கையில் இருக்கிறது. ஆபீஸ் பெண் எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம், ஆற்றின் நடுவில் இருப்பவள் எங்கே போவாள்? அதனால் இரண்டாவது வண்டிச் சாவி, இரண்டாவது போன், இரண்டாவது பொறுப்பாளர் வேண்டும். பிறகு அமெரிக்கா முழுவதும் நடத்திய கணக்கெடுப்பில், ஓராண்டுக்குள் ஏதோ ஒரு வகைத் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்ன தேசியப் பூங்கா ஊழியர்கள் 38.7 சதவீதம். ஒழுங்கு என்றீர்களே, கணக்கை ஒழுங்காக எடுத்தார்கள். நாம் அதையும் எடுப்பதில்லை.

கல்லூரி மாணவி, செங்கம்: தீபத் திருவிழா சமயம் தற்காலிக வேலைக்குப் போனபோது நடந்தது. இப்போது சொன்னால் ‘அப்போதே ஏன் சொல்லவில்லை?’ என்பார்களே?

சம்பவத்திலிருந்து மூன்று மாதம் உண்டு. தாமதத்துக்குக் காரணம் சொன்னால் இன்னொரு மூன்று மாதம் குழு நீட்டிக்கலாம். காவல் நிலையத்துக்கு இந்தக் கெடு கிடையாது. தற்காலிகம், தினக்கூலி, பயிற்சி, சம்பளமில்லாத சேவை எல்லாமே சட்டத்துக்குள். அந்த ‘அப்போதே ஏன்?’ கேள்வியை முதலில் கேட்பவர், பெரும்பாலும் அப்போதே பக்கத்தில் இருந்து பார்த்தவர்.

ஊர்ப் பெரியவர், ஆடையூர்: இரண்டு பக்கமும் உட்கார வைத்து, கொஞ்சம் பணம் வாங்கிக் கொடுத்து முடிக்கலாமே?

சமரசத்தைக் கேட்கும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கு மட்டும். அப்படிக் கேட்டாலும் பணம் அதற்கு அடிப்படையாக இருக்கக் கூடாது. பஞ்சாயத்துத் திண்ணையை வேறு வழக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் சொல்ல விரும்பாதவர்: பொய்ப் புகார் கொடுத்து ஆணைச் சிக்கவைத்தால்?

தெரிந்தே பொய் சொன்னார் என்று விசாரணையில் நிரூபணமானால் நடவடிக்கை உண்டு. ஆனால் நிரூபிக்க முடியவில்லை என்பதாலேயே புகார் கொடுத்தவர் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டியதில்லை என்றும் சட்டம் சொல்கிறது. மலைமேல் சிசிடிவி இருக்காது என்பது சட்டம் எழுதியவருக்கும் தெரியும்.

இளம்பெண், ஜவ்வாது மலை: நான் மலையாளிப் பழங்குடி. பாதை எனக்குத் தெரியும், ஆனால் என்னைச் சமைக்க மட்டும் வைக்கிறார்கள். முன்னால் நடக்கிறவர் நகரத்து ஆண். சம்பளமும் அவருக்கு இரண்டு பங்கு.

வழி தெரிந்தவர் பின்னால், தெரியாதவர் முன்னால். இதற்குப் பெயர் கைடா? சம வேலைக்குச் சம ஊதியம் என்று 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. தமிழக அரசு 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 பாதைகளைத் திறந்தபோது, அந்தந்த மலைக்கிராமத்தவரையே வழிகாட்டியாக வைத்தது. அங்கே விண்ணப்பிக்க வழி கேள். பச்சேந்திரி பால் 1984-இல் எவரெஸ்ட் ஏறினார். விருதுநகர் மாவட்டத்து முத்தமிழ்ச்செல்வி 2023-இல் ஏறினார். இருவரும் கரண்டியைப் பிடித்துக்கொண்டு ஏறவில்லை.

தாய், திருவண்ணாமலை: போலீஸில் சொல் என்கிறீர்கள். போலீஸே தப்பு செய்தால்?

2025 செப்டம்பர் இறுதியில், வாழைத்தார் ஏற்றிக்கொண்டு ஆந்திராவிலிருந்து இந்த ஊருக்கு வந்த குடும்பத்தின் இளம்பெண்ணை இழுத்துச் சென்று வன்புணர்வு செய்ததாக இரண்டு காவலர்கள் கைதானார்கள். பணியிலிருந்தும் நீக்கப்பட்டார்கள். இந்த ஊரில் இருப்பவன் என்ற முறையில் எனக்கு அது ஆறாத கோபம். ஆனால் ஒன்று பாருங்கள்: வெளியூர்ப் பெண், வியாபாரத்துக்கு வந்தவர், காக்கிச்சட்டை மேலேயே புகார் சொன்னார், வழக்கு ஆனது. ஒரு வாசல் அடைத்திருந்தால் இன்னொன்று. 181 பெண்கள் உதவி எண், 112 அவசர எண், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், நீதிமன்றம். எந்தக் காவல் நிலையத்திலும் எல்லையைப் பார்க்காமல் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும். குழந்தை என்றால் 1098.

ஆண் கைடு, வேலூர்: ஆண்களுக்குத் தொல்லை நடந்தால் கமிட்டி கேட்காதா?

2013 சட்டம் பெண்களுக்கானது. ஆனால் உங்கள் நிறுவன விதியில் ‘யாராக இருந்தாலும்’ என்று எழுத எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. திருநங்கையரும் அதற்குள் வருவார்கள். ஒரு வரி. பேனாவில் மை இருக்கிறதா?

சுற்றுலா நிறுவனம் தொடங்கப்போகிறவர், ரமண நகர்: மார்கழி சீசனுக்குள் நான் என்னதான் செய்ய வேண்டும்?

முதலில் குழு, அல்லது உள்ளூர்க் குழுவின் முகவரி. அதைச் சுவரில் மட்டும் இல்லாமல் ஜீப் கதவிலும் ஒட்டுங்கள், தமிழிலும் ஆங்கிலத்திலும். ஆளை வேலைக்கு எடுக்கும் முன் பழைய முதலாளிக்குப் போன் போடுங்கள். கூடாரம் யாருக்கு எது என்று கிளம்பும் முன்பே எழுதுங்கள், இருட்டிய பிறகு ‘இடம் இல்லை’ என்ற பேச்சு வரக் கூடாது. கழிவறை எங்கே, எத்தனை மணிக்கு நிறுத்தம் என்று பெண்களிடம் கேட்டுத் திட்டம் போடுங்கள். வேலை நேரத்தில் மது கிடையாது. புகார் வாங்கும் ஆள் அந்தப் பயணத்தில் போகாதவராக இருக்கட்டும். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதுவரை புகார் கொடுத்தவளையும் எதிராளியையும் ஒரே வண்டியில் அனுப்பாதீர்கள், தண்டனையாக அவளுடைய வேலையையும் வெட்டாதீர்கள். குழு அமைக்காவிட்டால் அபராதம் 50,000 ரூபாய் வரை. மறுபடி மாட்டினால் இரட்டிப்பு, உரிமமும் போகலாம். இத்தனையும் செய்ய ஆகும் செலவு, நீங்கள் வைக்கப்போகும் ஃபிளெக்ஸ் பேனரை விடக் குறைவு.

வாசகி, வேங்கிக்கால்: நம் மாவட்ட உள்ளூர்க் குழுவில் யார் யார் இருக்கிறார்கள்? கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

ஒவ்வொரு மாவட்டத்திலும் 2025 ஜனவரி 31-க்குள் உள்ளூர்க் குழு இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 3 அன்று உத்தரவிட்டது. கலெக்டர் ஆபீஸ் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. சமூகநல அலுவலகத்தில் பட்டியல் கேளுங்கள். ‘நாளைக்கு வா’ என்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனுப் போடுங்கள், முப்பது நாளில் பதில் தர வேண்டும். வந்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். அடுத்த இதழில் முதல் பதிலாக அதைத்தான் போடுவேன்.