ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவின் நீளம்: ஓர் ஒப்பாய்வு

ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அடுத்தடுத்த ஊர்கள். லினக்ஸ் சர்வரில் மட்டும் இவ்விரண்டுக்கும் இடையே பெரும் ஏற்றத்தாழ்வு நிலவுகிறது என்பது இவ்வாய்வின் கருதுகோள். தலபுராணம் பாடிய புலவர் எவரும் இதைத் தொடாமல் போனது வருந்தத்தக்கது.

ஆய்வுக்களம் டோக்குவிக்கி. விக்கி என்னும் மரபை 1995இல் வார்டு கன்னிங்காம் தொடங்கிவைத்தார். 2004இல் ஆண்ட்ரியாஸ் கோர் ஆக்கிய டோக்குவிக்கிக்குத் தரவுத்தளமே வேண்டாம். அப்பாச்சியும் பிஎச்பியும் போதும். ஒவ்வொரு பக்கமும் ஒரு வெற்று உரைக்கோப்பு. பொதியை இறக்கி அவிழ்த்து, கோப்புறைகளை வெப்சர்வரின் பயனர் பெயருக்கு எழுதிவைத்து, பிரவுசரில் நிறுவிப் பக்கத்தைத் திறந்து விவரம் நிரப்பி, பின் அந்த நிறுவிக் கோப்பை அழித்துவிட்டால் வேலை முடிந்தது. (அனுமதி எண்ணாக 777 போட்டு ஊர் மொத்தத்துக்கும் கதவைத் திறந்துவைப்போர் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டவர்கள்.)

நிற்க. இரு ஊர்ப் பெருமைகளுக்கும் தலா ஒரு பக்கம் தொடங்குவோம். ‘ராஜபாளையம் நாய்’ மறுப்பின்றி உள்ளே போகிறது. ‘ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா’ என்று தலைப்பிட்டால் பக்கம் சேமிக்கப்படுவதில்லை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டத்துக்கு ஒரு கோப்புப்பெயர் கிடைக்கவில்லை!

காரணம் கணக்கில் இருக்கிறது. யூனிகோடில் ‘லி’ என்பது லகரமும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். டோக்குவிக்கியோ, வேறாகச் சொல்லாதவரை, ஒவ்வொரு பைட்டையும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்தெண்களுமாக விரித்துக் கோப்புக்குப் பெயரிடும். ஆக ஒரு குறியீட்டுக்கு 9 இடம். நாய்க்கு 14 குறியீடுகள்: 126. இடைவெளிக்கு ஓர் அடிக்கோடு, வால்பகுதி ‘.டிஎக்ஸ்டி’க்கு 4, மொத்தம் 131. பால்கோவாவுக்கு 28 குறியீடுகள்: 252, கூட 5, ஆக 257. லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பமைப்பு ஒரு பெயருக்குத் தரும் உச்சவரம்பு 255 பைட். இரண்டே இரண்டு பைட்டில் ஆண்டாள் ஊர் தோற்கிறது.

தோற்கடித்தது யார்? நடுவில் மிகுந்த பகர ஒற்று. அது மட்டுமே 18 இடம் பிடிக்கிறது.

ஒற்றை எடுத்துவிட்டால் போயிற்று என்பது ஒரு சாரார் கட்சி. எடுத்தால் 239, பக்கம் சேமிக்கப்படும். திருத்தும்போது பழைய வடிவங்களைப் பரணில் போடுகிறதே டோக்குவிக்கி, அங்கே நேரமுத்திரையும் சுருக்கக் குறியும் கூடி 253 ஆகும், அதுவும் தப்பிவிடும். இவ்வளவு துல்லியமாகப் பொருந்துவதைக் கண்டு, சந்திப்பிழை விடும் நம் பத்திரிகைகள் தொலைநோக்கோடுதான் விட்டுவந்தன என்று வாதிடக்கூடும். வாதம் செல்லாது. கோப்பமைப்புக்காக வலிமிகுதலைக் கைவிட்டால் நாளை மெய்யெழுத்துகளையே கேட்பார்கள்.

நிர்வாகியின் அமைப்புப் பக்கத்தில் கோப்புப்பெயர்க் குறியீட்டு முறை என்றொரு வரி உண்டு. அதை யூடிஎஃப்-8 என மாற்றினால் ஒற்றோடு சேர்த்தே பால்கோவா 89 பைட்டில் அடங்கும். ஏற்கெனவே தமிழ்த் தலைப்பில் பக்கங்கள் இருந்தால் அவற்றின் கோப்புகளுக்கும் பெயர் மாற்றியாக வேண்டும். ஆகவே, விக்கி நிறுவும் அன்பர்களே, முதல் பக்கம் எழுதுமுன் அந்த வரியை மாற்றிவிடுங்கள்.