நட்டத்துக்கு நாயனம்: ஸ்லாட் மெஷின் கலைச்சொற்கள் குறித்து ஓர் அம்பகரத்தூர் ஆய்வு

1. ஆய்வுக் களம்

அம்பரன் என்னும் அசுரன் எருமை உருவெடுத்தான், காளி வதம் செய்தாள் என்பது புதுச்சேரியின் காரைக்கால் பகுதியிலுள்ள அம்பகரத்தூரின் தலபுராணம். அசுரர்கள் உருமாறக்கூடியவர்கள் என்னும் இக்கோட்பாடே இக்கட்டுரையின் அடிப்படை. கட்டையாக இருந்த சூது இரும்பு மெஷினாகி, பின் செல்போனுக்குள் புகுந்தது. உருவம் மாறியதால் பெயர்கள் பெருகின. அப்பெயர்களுக்குப் பொருள் காண்பது நம் நோக்கம். களம்: காரைக்கால்–பேரளம் சாலையில் ஒரு டீக்கடை. கருவிகள்: ஒரு பெஞ்சு, இரண்டு டீ. தகவலாளர்: அந்தக் காலத் திருவிழாத் திடல்களை நன்கறிந்த பெரியவர் ஒருவர்.

ஸ்லாட் மெஷினை நேரில் பார்க்க வாய்ப்பில்லை. கோவாவில் 1992-இல் சட்டத்தைத் திருத்தி, ஐந்து நட்சத்திர ஓட்டல்களில் அதை அனுமதித்தார்கள். அம்பகரத்தூரில் ஐந்து நட்சத்திரமும் வானத்தில்தான் தெரியும்.

2. தோற்றம்

1890-களில் சான் பிரான்சிஸ்கோவில் சார்லஸ் ஃபே என்னும் மெக்கானிக் ‘லிபர்ட்டி பெல்’ மெஷினைச் செய்தார். மூன்று உருளைகள், ஐந்து சின்னங்கள்: லாடம், டைமன், ஸ்பேடு, ஆர்ட்டின், மணி. மூன்று மணி வரிசையாக நின்றால் 50 சென்ட். அதுவே பெரும் பரிசு.

இதைப் படித்துக் காட்டியதும் பெரியவர் சொன்னார்: “தம்பி, இது நம்ம லங்கர் கட்டைல்ல?”

மறுக்க முடியவில்லை. திருவிழாத் திடல் சூதான லங்கர் கட்டையிலும் மூன்று கட்டைகள். ஒவ்வொன்றிலும் டைமன், ஸ்பேடு, ஆர்ட்டின், கிளாவர், கிரீடம், நங்கூரம். பாரசீகத்தில் ‘லங்கர்’ என்றால் நங்கூரம். நம் நங்கூரமும் அதன் திரிபே. ஆங்கிலேய மாலுமிகளிடம் இதே ஆட்டம் ‘கிரீடமும் நங்கூரமும்’ என்ற பெயரில் இருந்தது. கப்பலை நிறுத்துவது நங்கூரம். பணத்தை நிறுத்த அதனால் ஆகாது என்பது உபரிக் கண்டுபிடிப்பு.

3. சொற்பொருள்

ரீல்: சுழலும் உருளை; திடல் மொழியில் கட்டை. செல்போனில் சுழல்வது படம் மட்டுமே. பட்டனைத் தொட்ட கணத்திலேயே உள்ளிருக்கும் எண் முடிவைச் சொல்லிவிடும். திருமணம் முடிந்தபின் ஜாதகம் பார்ப்பது போல, உருளை அதற்குப் பிறகுதான் சுற்றும்.

பேலைன்: சின்னங்கள் ஒத்து நிற்க வேண்டிய கோடு. திடலில் ஆறு கட்டம் போட்ட துணி.

மேக்ஸ் பெட்: ஒரே ஆட்டத்தில் கட்டக்கூடிய உச்சத் தொகை. தமிழில் இதற்கு ஈடான முழக்கம் “வை ராஜா வை”. பணம் வைக்கும்வரை மட்டுமே ஒருவர் ராஜா என்பதை இலக்கணிகள் கவனிக்க.

ஜாக்பாட்: பெரும் பரிசு. லங்கர் கட்டையில் நாம் பணம் வைத்த சின்னமே மூன்று கட்டையிலும் விழுவது. 216-இல் ஒரு முறை.

ஆர்டிபி: கட்டிய பணத்தில் ஆடுபவருக்குச் சராசரியாகத் திரும்பும் பங்கு. லங்கர் கட்டைக்குக் கணக்கிட்டோம். கட்டை நேர்மையானதென்றே கொள்வோம். ஒரு சின்னத்தில் ரூபாய் ரூபாயாக 216 முறை வைத்தால், 125 முறை ஒன்றும் வராது. 75 முறை இரண்டு ரூபாய், 15 முறை மூன்று, ஒரு முறை நான்கு கைக்கு வரும். ஆக 199. கடைக்காரருக்கு 17. இதுவே 92 சதவீத ஆர்டிபி. கேட்கக் கௌரவமாக இருக்கும். திரும்பிய பணத்தையே மறுபடி மறுபடி வைத்து இப்படிப் பத்துச் சுற்று வந்தால், 216-இல் சராசரியாக மிஞ்சுவது 95 ரூபாய்தான். சதவீதம் அப்படியேதான் இருக்கும், சட்டைப்பைதான் மாறும்.

வாலட்டிலிட்டி: அடிக்கடி சில்லறை தருவதா, அபூர்வமாக நோட்டு தருவதா என்னும் குணபேதம். தேய்வது எறும்பு ஊர்ந்தா, யானை நடந்தா என்பதே வேறுபாடு.

நியர் மிஸ்: இரண்டு மணி நின்று மூன்றாவது ஒரு படி நழுவுவது. பெரியவரின் உரை: “பஸ்ஸ விட்டவனுக்கு நூலிழைல விட்டா என்ன, ஒரு மணி நேரத்துல விட்டா என்ன?”

4. மெஷினின் தனிக்கொடை

ஒன்றே ஒன்று லங்கர் கட்டையில் இல்லாதது. பல கோடுகளில் பத்து ரூபாய் கட்டுகிறோம்; ஒரு கோட்டில் மூன்று ரூபாய் விழுகிறது. ஏழு ரூபாய் போயிற்று. மெஷினோ விளக்கு மின்னி, இசை முழங்கி, வெற்றி என்கிறது. துணி விரித்த எந்தத் திடல்காரரும் இந்த அளவுக்குத் துணிந்ததில்லை. நாதஸ்வரம் செழித்த வட்டாரத்தின் உரிமையோடு இதற்கு ‘நட்டத்துக்கு நாயனம்’ என்னும் கலைச்சொல்லைப் பரிந்துரைக்கிறோம்.

5. மறுப்பும் முடிவும்

“சட்டம் உண்டே” எனலாம். உண்டு. தமிழ்நாடு 2022-இல் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் இயற்றியது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025-இல் மத்திய அரசின் சட்டமும் தடை செய்தது. அசுரன் அடுத்த உருவைத் தேடிக்கொண்டிருக்கலாம்.

வள்ளுவர் இவ்வளவு கலைச்சொல் இல்லாமலே ஒன்றைப் பெற்று நூறை இழக்கும் கணக்கைச் சொல்லிவிட்டார். அதாவது ஒரு சதவீத ஆர்டிபி. சூதை 94-ஆம் அதிகாரமாக வைத்தார். அதற்கு முந்தையது கள்ளுண்ணாமை. குடிப்பதற்காக எல்லை தாண்டிக் காரைக்கால் பக்கம் வருவோரில் பலர் அந்தப் பக்கத்தைப் புரட்டியதில்லை. அடுத்த அதிகாரம் மருந்து. அதற்காவது கையில் காசு மிஞ்ச வேண்டும்.