மோட்டார் கொட்டாய்ச் சாமியார்

வா கண்ணு, உக்காரு. கட்டிலுக்கு நடுவுல உக்காராதே, கயிறு தொய்ஞ்சு கெடக்குது. பெங்களூர்ல இருந்து வந்து மூணு நாளாச்சு, ரூம்புக் கதவைச் சாத்திக்கிட்டே கெடக்கறியாமே? தனியா இருந்தாத்தான் சந்தோசம், நாலு பேரோட இருந்தா மண்டை காயுதுன்னு சொன்னியாம். ராசிபுரத்துல ஒரு டாக்டர்கிட்டக் காட்டலாமான்னு உங்கப்பன் என்னைக் கேக்கறான். எனக்குச் சிரிப்பு அடக்க முடியல. வேளாவேளைக்குக் கதவைத் தட்டிக் காப்பி வெச்சுட்டுப் போறது யாரு? கொல்லிமலைக் குகையில இருந்த சித்தருங்களுக்குக்கூட இந்த வசதி இல்லடா.

கூட்டத்துல இருந்தாச் சந்தோசம்னு நானும் சொல்ல வரலை. நம்ம நாமக்கல் கோழிப்பண்ணைக்குள்ள போயிப் பாரு. ஒரு கூண்டுக்கு மூணோ நாலோ, ஒட்டுனாப்புல அடுத்த கூண்டு, ஒரே கொட்டாயில ஆயிரக்கணக்குல. ஒரு நிமிசம் தனியா இருந்த கோழி அதுல கெடையாது. அப்ப ஆனந்தக் கூத்தாடோணுமில்ல? குஞ்சா இருக்கறப்பவே, பத்து நாள்ல, சூடான தகட்டுல மூக்கு நுனியை வெட்டி உட்டுடறாங்க. இல்லாட்டி ஒண்ணை ஒண்ணு கொத்தியே கொன்னுபோடும். கல்யாணத்துல பந்தி முடிஞ்சு வெத்தலை போட்டுக்கிட்டு நம்ம ஒறம்பரைக பேசற பேச்சைக் கேட்டா, மனுசனுக்கும் நாக்கு நுனியில அப்படி ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கலாம்னு தோணும்.

ஆனா தனிமையும் லேசுப்பட்டதில்ல. இருவது வருசம் லாரி ஓட்டுனவன் சொல்றேன். சேலத்துல ஜவ்வரிசி ஏத்திக்கிட்டு நாக்பூர் போவோம். இப்ப 44ங்கறீங்களே, அந்த ரோடு அப்ப 7ஆம் நம்பரு. கூட ஒரு கிளீனர் பையன். வாயை மூடமாட்டான். பார்த்த படத்துக் கதையை ஓசூர் தாண்டறதுக்குள்ள மூணு தடவை சொல்லுவான். நடுரோட்டுல எறக்கி உட்டுடலாம்னு இருக்கும். ஒருக்கா அவனுக்குக் காச்சல், வரலை. அப்பாடான்னு கெளம்புனேன். கர்னூல் வரைக்கும் சொர்க்கம். ஐதராபாத் தாண்டுனதும் ஸ்டீரிங்கோட பேச்சுக் குடுக்க ஆரம்பிச்சேன். அதிலாபாத்துக்கிட்ட வண்டியை ஓரங்கட்டி, ஒரு தாபாக்காரன்கிட்ட, தமிழ்ல ஒரு எழுத்துத் தெரியாதவன்கிட்ட, அந்தப் பையன் சொன்ன படத்துக் கதையையே முழுசாச் சொன்னேன். சண்டைக்காட்சியோட! பாவம், பொறுமையாக் கேட்டான். எச்சா ஒரு ரொட்டியும் வெச்சான்.

போன்ல படிச்சுக் காட்டுனியே, அமெரிக்காவுல வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காரங்க 2014ல எழுதுனது. ஆளை வெறும் ரூம்புல கால்மணி நேரம் உக்கார வெச்சாங்களாம். போன் கெடையாது, பேப்பர் கெடையாது. அமுக்குனா ஷாக்கடிக்கற பட்டன் ஒண்ணு மட்டும். காசு குடுத்தாவது அந்த ஷாக்குல இருந்து தப்பிச்சுக்கறோம்னு மொதல்ல சொன்னவங்கள்லயே, 18 ஆம்பளைங்கள்ல 12 பேரு தனக்குத்தானே அமுக்கிக்கிட்டாங்க. பொம்பளைங்க 24 பேர்ல 6 பேருதான். அதுக்கு ஏண்டா அமெரிக்கா போகோணும்? மூணு பேஸ் கரண்டு ராத்திரி வந்தாத்தான் நமக்குக் காட்டுக்குத் தண்ணி. கரண்டுக்குக் காத்துக்கிட்டு இந்த மோட்டார் கொட்டாயில தனியா முழிச்சிருந்த ஒரு ராத்திரி, சும்மா கெடக்க மாட்டாம ஸ்டார்டரை நோண்டி நோண்டியே காயிலைக் கருக உட்டவன் நான். உங்க அப்பத்தாகிட்ட எலி கடிச்சுதுன்னு சொல்லியிருக்கேன். நீ ஒளறிப்போடாதே.

அப்பறம் ஏன் தெனமும் பொழுதோட இங்க வந்து ஒண்டிக்கட்டையாட்டம் உக்காந்துக்கறேன்னு கேப்பே. இங்க எனக்கு அவ்வளவு சொகம். தொட்டியில தண்ணி உழற சத்தம், வேப்பமரத்துக் காத்து. எல்லாத்துக்கும் மேல, ஊட்டுல உங்க அப்பத்தா கத்தறது இங்க அவ்வளவாக் கேக்காது. அந்தச் சொகத்துல பாதி, தப்பிச்சு வந்துட்டோம்ங்கறதுதான்.

போன ஆடியில அவ சங்ககிரிக்குத் தம்பி ஊட்டுக்குப் போயிப் பத்து நாள் தங்கறேன்னா. ராசா மாதிரி இருக்கலாம்னு பஸ் ஏத்திவுட்டேன். ரெண்டு நாள் ராசாதான். மூணாம் நாள் இங்க வந்து உக்காந்தேன், ருசிக்கலை. ஊட்டுலயும் தனி, கொட்டாயிலயும் தனி. எங்கிருந்து எங்க தப்பிச்சுப் போறது? நாலாம் நாள் போனைப் போட்டு, "ஆடு தீனி எடுக்கலை, எப்ப வர்றே?"ன்னு கேட்டேன். ஆடு நல்லாத்தான் தின்னுக்கிட்டு இருந்துச்சு.

இங்கிலாந்துல 2018ல தனிமைக்குன்னே ஒரு மந்திரியைப் போட்டாங்களாம். போடட்டும், அவங்க ஊரு. நீ உன் பெங்களூர்க் கதையைச் சொல்லு. அங்க ரெண்டு நாள் நீ கதவைத் தொறக்கலைன்னா யாரு வந்து தட்டுவா? சோறு கொண்டாறவனும் வாசல்ல வெச்சு போட்டோ எடுத்துக்கிட்டுப் போயிருவான். இங்க நீ கால்மணி நேரம் காணம்னா பொடக்காளி, கட்டுத்தரை, கெணத்து மேடுன்னு டார்ச்சோட மூணு பேரு அலைவாங்க. அதனாலதான் இங்க கதவைச் சாத்துனா உனக்குத் தூக்கம் வருது. அங்க சாத்துனா வருதா? ஏன் தலையைக் குனியறே?

அதா, கேக்குதா? கூப்புடறா. எந்திரிக்காதே, மொதல் தடவைக்கே எந்திரிச்சா மரியாதை இல்ல. ரெண்டு... கம்முனு இரு... இப்ப உன் பேரையும் சேத்துத் திட்டறா பாரு. எந்திரி, களி ஆறிரும்.